பழைய புல்லட்டுக்குச் சரியான ஒரிஜினல் பாகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் மூடி ஒரு பழைய புல்லட் நிற்கும். அப்பா ஓட்டியது, இல்லை மாமா ஓட்டியது. அதைத் திரும்ப எழுப்ப வேண்டும், முதல்நாள் வந்தபோது இருந்தது போலவே இருக்க வேண்டும் என்று ஆசை வரும். அப்புறம் கேள்விகள் வரும். என் அப்பாவின் 1976 மாடல் புல்லட் 350ஐ நான் மூன்றரை வருடம் உட்கார்ந்து எழுப்பினேன். பிறகு நண்பர்களின் வண்டிகளுக்கும் பாகம் தேடி அலைந்திருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதுகிறேன். பேசுவது முழுக்க பழைய காஸ்ட் அயர்ன் என்ஜின் 350 பற்றித்தான்: 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி, வலது காலில் கியர். 2000களின் இறுதியில் வந்த யூசிஇ என்ஜினில் கியர்பாக்ஸும் என்ஜினும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். அதன் என்ஜின் பாகங்கள் இதில் உட்காராது.

கடைக்காரர் 'ஒரிஜினல்' என்கிறார். அதை நம்பலாமா?

அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குக் கடையில் நாலைந்து அர்த்தம் இருக்கிறது. கம்பெனிப் பெட்டியில் வருவதும் ஒரிஜினல். கம்பெனிக்கு சப்ளை செய்தவரே தன் பெயர் போட்டு வெளியே விற்பதும் ஒரிஜினல். நாற்பது வருடமாகப் பரணில் கிடந்த பழைய ஸ்டாக்கும், வேறொரு வண்டியில் கழற்றியதும் ஒரிஜினல். கடைசியாக, 'ஒரிஜினல் மாதிரியே' என்பதில் 'மாதிரியே' விழுங்கப்பட்டால் அதுவும் ஒரிஜினல்தான். எனவே "ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள். "இது யார் செய்தது, எந்த வருஷத்து வண்டிக்கு?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் உடனே சொல்வார்.

என்னைப் பொறுத்தவரை ஒரிஜினல் என்பது அந்த வருடம் அந்த வண்டியில் இருந்த பாகம். அதற்கு மிக நெருக்கமான பொருள் பெரும்பாலும் கடையில் இருக்காது. கழற்றி ஓரமாகப் போட்டிருக்கிறீர்களே, துருவும் கிரீஸும் அப்பிய அதே பாகம்தான் அது. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது இதைத்தான். முதலில் இருப்பதைக் காப்பாற்றுங்கள், பிறகு தேடுங்கள்.

என் வண்டிக்கு எந்தப் பாகம் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் வேலை பாதி குறையும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்பீல்டு கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்து இறங்கின, திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராகிவிட்டன. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. இங்கே ஓட்டம் நிற்கவில்லை.

ஆக, ஐம்பதுகளின் வண்டிக்கு இங்கிலாந்துப் பாகம் சரி. எழுபதுகளின் வண்டிக்கு அதே இங்கிலாந்துப் பாகத்தைப் போட்டால் விலையும் தரமும் உசத்தியாக இருக்கலாம், ஆனால் அது அந்த வண்டியுடையது இல்லை. சென்னைப் புல்லட்டைச் சுற்றி அந்தக் காலத்திலேயே ஒரு பாக உலகம் இருந்தது: செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், அம்பத்தூரில் டிஐ டயமண்ட் செயின், திருவொற்றியூரிலேயே எம்ஆர்எஃப் டயர். பெயர்களை இங்கே அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பழைய பாகத்தைத் துடைத்துப் பார்த்தால் இப்படி ஒரு பெயரோ முத்திரையோ எங்காவது அடித்திருக்கும். அதுதான் தேடலின் முதல் நூல்முனை.

அடுத்தது பாகப் புத்தகம், அதாவது ஒவ்வொரு உறுப்பையும் பிரித்துப் படம் போட்டு எண் கொடுத்த பார்ட்ஸ் கேட்டலாக். ரெட்டிச் காலத்து எண்கள் பெரும்பாலும் ஐந்து இலக்கம், சென்னை எண்கள் ஆறு இலக்கம். உங்கள் வருடத்துக்கு நெருங்கிய பதிப்பைப் பிடியுங்கள். ஆனால் புத்தகமே வேதவாக்கு என்று நினைக்க வேண்டாம். மாற்றங்கள் ஜனவரி 1ஆம் தேதி வந்து இறங்குவதில்லை. பழைய ஸ்டாக் தீரத் தீர புதியது ஏறும். டிசம்பரில் பதிவான வண்டியில் முந்தைய மாடல் பாகம் இருந்தால் அதை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள்.

இன்னொரு ஆதாரம் வீட்டிலேயே இருக்கும். அது குடும்ப ஆல்பம். எங்கள் வீட்டில் 1979இல் எடுத்த படம் ஒன்றில் அத்தை பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் ஹாரன் எந்தப் பக்கம் இருந்தது, சீட்டின் விளிம்பில் வெள்ளைப் பட்டை இருந்ததா, பின் மட்கார்டின் கைப்பிடி எப்படி வளைந்தது என்று மூன்று சண்டைகள் தீர்ந்தன.

கழற்றத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

படம் எடுங்கள், நிறைய எடுங்கள். ஒயர் எந்த இடுக்கில் போகிறது, கேபிள் முன்சக்கர ஃபோர்க்குக்கு முன்னாலா பின்னாலா, வாஷர் எந்தப் பக்கம் என்றெல்லாம். ஒவ்வொரு பகுதியின் போல்ட்டையும் தனிப் பையில் போட்டுச் சீட்டு எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் வேலை கொடுத்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, எதையும் தூக்கிப் போடாதீங்க, உடைஞ்சதா இருந்தாலும் என்கிட்ட கொடுங்க." இதைச் சொல்லாமல் விட்டு நான் இழந்தது ஒரு டூல் பாக்ஸ் மூடி. நசுங்கியிருந்தது என்று பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதே மூடியைத் தேடி எடுக்க எட்டு மாதம் ஆயிற்று.

தேய்ந்த பாகத்தைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

சரிசெய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

ஹெட்லைட் மேல்மூடியில் ஸ்பீடோமீட்டருடன் மின்சாரம் பேட்டரிக்குப் போகிறதா வருகிறதா என்று காட்டும் ஒரு சின்ன அம்மீட்டர் இருக்கும். பல வண்டிகளில் அது செத்துப்போய், இடத்தை அடைக்க ஒரு டூப்ளிகேட் மாட்டியிருப்பார்கள். முள் இருக்கும், அசையாது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் புல்லட்டை உதைக்கும் முறையே அந்த முள்ளை நம்பித்தான் இருக்கிறது. சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால் பாயின்ட், அதாவது தீப்பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை, மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். பாயின்ட் பிரிகிற இடத்தில் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேவிடும் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து கிக்கரை இன்னும் ஒரு துளி இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஓர் உதை. அப்பா இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். முள் அசையாத வண்டியில் அவராலேயே முடிந்திருக்காது.

எங்கள் அம்மீட்டரின் கண்ணாடி உடைந்திருந்தது, முள் துருவில் ஒட்டியிருந்தது. ஊரில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஒருவர் விளிம்பு வளையத்தைச் சுற்றிலும் மெல்ல நிமிர்த்தித் திறந்தார், தூரிகையால் சுத்தம் செய்தார், கைக்கடிகாரக் கண்ணாடியை அளவுக்கு வெட்டிப் போட்டார். முகப்பில் எழுத்து கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படிக் காப்பாற்றக்கூடியவை நிறைய. ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், இரண்டு சின்ன பைலட் விளக்கு எல்லாவற்றையும் தாங்கும் அந்த அலுமினியத் தலைப்பகுதியில் விரிசல் இருந்தால் ஆர்கான் வெல்டிங் தெரிந்த நல்ல கை போதும். முன்சக்கர ஃபோர்க் குழாய்களின் மேல்முனையைப் பிடித்திருப்பதும் அதுதான் என்பதால் ஒட்டுப் போட்ட பின் நேர்கோடு பார்க்காமல் பூட்டக் கூடாது. மட்கார்டு, டூல் பாக்ஸ், செயின் கவர் தகடுகளை டிங்கரிங் செய்து எடுங்கள். அந்தக் காலத்துத் தகட்டின் கனம் இன்றைய டூப்ளிகேட்டில் பெரும்பாலும் வராது, தட்டிப் பார்த்தால் ஓசையே வேறு.

என்ஜினுக்குள் கதை வேறு. அங்கே அளவுதான் பேச வேண்டும். போர் தேய்ந்திருந்தால் அதைக் கடைந்து அகலமாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் ரீபோர், எல்லை தாண்டியிருந்தால் உள்ளே புதுக் குழாய் செருகும் ஸ்லீவ். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பிஸ்டனை வாங்கி போர் அடிப்பவர் கையில் கொடுத்த பிறகுதான் போர் அடிக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பி அடித்துவிட்டுப் பிஸ்டனைத் தேடப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் பழைய 350க்கு வருவது மிதக்கும் புஷ், அதாவது உருளைகள் இல்லாமல் ஆயில் படலத்தில் சுழலும் உலோக வளையம். அதை எடுத்துவிட்டு ரோலர் பேரிங் போடும் வழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. ஓட்டுவதற்கு அதில் குறை சொல்ல மாட்டேன். ஒரிஜினலாக எழுப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம். ஆயில் பம்ப் ஒழுங்காக இருந்து, ஃபெல்ட் ஃபில்டரைத் தவறாமல் மாற்றினால் அந்த புஷ் நன்றாகவே உழைக்கும்.

எங்கே தேடுவது?

சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும். கோவையில் உக்கடத்துப் பழைய பாகக் கடைகள். டெல்லி போனால் கரோல் பாக், புல்லட் பாகத்துக்கென்றே தெருக்கள். புதுப்பேட்டைக்குப் போனால் ஒருமுறை போய்க் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். கையில் பழைய பாகம், அதன் படம், வருடம் எழுதிய சீட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் 'இல்லை' என்பவர், பொருளைக் காட்டினால் உள்ளே போய்க் கொண்டுவருவார். ஒரே பாகத்துக்குத் தெருவுக்குத் தெரு வேறு பெயர் இருப்பதுதான் காரணம்.

ஆனால் என் அனுபவத்தில் பெரிய நகரத்தைவிடச் சின்ன ஊர்தான் நன்றாகக் கொடுத்தது. எண்பதுகளில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்து, இப்போது மகன் மொபைல் கடையாக மாற்றிவிட்ட இடங்கள் உண்டு. மேல் அலமாரியில் அட்டைப்பெட்டி அப்படியே இருக்கும். அதேபோல ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள். அவர்களிடம் பாகமும் இருக்கும், எந்தப் பாகம் எந்த வண்டியுடையது என்ற அறிவும் இருக்கும். அவசரப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள். அறுபது வயது தாண்டிய ஒரு மெக்கானிக் அண்ணன் என் வண்டியின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தன் மரப்பெட்டியிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு ஜோடி புஷ்ராடை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். வண்டி ஓடியதும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். காட்டினேன்.

வெளிநாட்டில் என்றால் இங்கிலாந்தின் ஹிட்ச்காக்ஸ் நிறுவனம் ரெட்டிச் வண்டிக்கும் இந்திய வண்டிக்கும் பாகம் வைத்திருக்கிறது. வாங்காவிட்டாலும் மாடல்வாரியாக அவர்கள் போட்டிருக்கும் படங்கள் பாக எண் கண்டுபிடிக்க உதவும். வாங்கும்போது கூரியரும் சுங்கவரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய பாகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முதல் சோதனை. வார்ப்பில் எழுத்து கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா? பழைய பாகத்தை அப்படியே அச்சாக வைத்து வார்த்தால் எழுத்து மழுங்கும், அளவும் சற்றுச் சின்னதாகும். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அப்படி ஆகிறது. வெர்னியர் வைத்து இரண்டு இடத்தில் அளந்தாலே தெரிந்துவிடும். மளிகைக்கடைத் தராசில் இரண்டையும் வைத்துப் பாருங்கள், கனம் காட்டிக்கொடுக்கும். பித்தளையில் இருக்க வேண்டியதில் காந்தம் ஒட்டினால் அது இரும்பின் மேல் பூசிய முலாம். பிறகு மறைவான பக்கம். வெளியே பளபளவென்று இருக்கும் பாகத்தின் உள்முகத்தில் கடைசல் கோடுகள் கரடுமுரடாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பெட்டியில் எழுத்துப்பிழை, பாக எண் இல்லாமை, விலைச் சீட்டு மேல் ஒட்டிய இன்னொரு சீட்டு, இவற்றையும் கவனியுங்கள்.

நான் ஏமாந்த கதை, பாயின்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில். ஒரு கடையில் பழைய ஸ்டாக் என்று பாயின்ட் தட்டு வாங்கினேன். பெட்டி பழசு, உள்ளே இருந்தது புதுசு. திருகு போகும் நீள்துளை கொஞ்சம் அகலமாக வெட்டப்பட்டிருந்தது. டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) வைப்பேன், பத்து கிலோமீட்டர் போனதும் தட்டு நகர்ந்துவிடும். வண்டி ஒருநாள் சாது, மறுநாள் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். மூன்று வாரம் கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் அப்பாவின் தேய்ந்த பழைய தட்டையே எடுத்துத் திரும்பப் போட்டு, பாயின்ட் மட்டும் புதிதாக மாட்டி, இடைவெளியை 0.35க்கும் 0.40 மி.மீ.க்கும் நடுவில் வைத்தேன். அன்றிலிருந்து அசையவில்லை. பாயின்ட் வாங்கும்போது கேமைத் தொடும் ஃபைபர் முனையை நகத்தால் கீறிப் பாருங்கள். மிருதுவாக இருந்தால் சீக்கிரம் தேய்ந்து இடைவெளி மூடிவிடும். தானாக டைமிங்கை முன்னே தள்ளும் எடைகளின் ஸ்பிரிங்கை, உடையாத வரை பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்.

போல்ட், நட்டுக்குமா இவ்வளவு யோசனை?

ஆமாம். பழைய புல்லட்டில் இங்கிலாந்து மரைகள் (திருகுப் புரிகள்) பல இருக்கின்றன: விட்வொர்த், பிஎஸ்எஃப், இஞ்சுக்கு 26 சுற்று கொண்ட சைக்கிள் மரை. விட்வொர்த் வகை மரையின் கோணம் 55 டிகிரி, இன்றைய மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 60. நெருங்கிய அளவில் ஒன்றை எடுத்து முறுக்கினால் இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் இறுகும். இறுகியதும் சரியாகப் பிடித்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் கிராங்க்கேஸின் அலுமினிய மரையை அது அறுத்துக்கொண்டிருக்கும். ஒரு மரை அளக்கும் கேஜ் வாங்கிவிடுங்கள், ஸ்பேனர் செட்டைவிட முக்கியம். ஸ்பேனரும் பொருந்தியதாக இருக்க வேண்டும். விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண் போல்ட் தண்டின் அளவு, தலையின் அகலம் கிடையாது. இது தெரியாமல் கட்டிங் பிளேயரால் கடித்துக் கடித்துத்தான் பாதி வண்டிகளின் தலைகள் உருண்டிருக்கின்றன. பழைய போல்ட் நன்றாக இருந்தால் சுத்தம் செய்து முலாம் போட்டு அதையே மாட்டுங்கள்.

6 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றலாமா?

தினமும் இரவில் ஓட்டுவீர்கள் என்றால் மாற்றுங்கள், பாதுகாப்பு முக்கியம். ஆனால் பழைய ஆல்டர்நேட்டர், காயில், பல்ப் ஹோல்டர் எல்லாம் பெட்டியில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் வண்டிக்கு 6 வோல்ட் போதும். வெளிச்சம் மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் வோல்ட் இல்லை, துருப்பிடித்த எர்த் இணைப்பு. ஒயரிங் மட்டும் புதிது போட்டுவிடுங்கள், பழைய நிறவரிசையிலேயே.

கார்புரேட்டர் எது சரி?

முந்தைய வண்டிகளில் அமல், பிந்தையவற்றில் மிக்கார்ப் விஎம்24. உங்களுடையது எது என்று கேட்டலாக் பார்த்து முடிவு செய்யுங்கள். அமலில் தேய்வது ஸ்லைடும் அது ஓடும் உடலும். உடலைக் கடைந்து ஸ்லீவ் போட்டுக் கொடுக்கும் லேத்காரர்கள் இருக்கிறார்கள். ஜெட் வாங்கினால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், கம்பி விட்டுக் குத்தி ஓட்டையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

எந்தப் பாகத்தைப் பழைய ஸ்டாக்கில் வாங்கவே கூடாது?

டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள், பெட்ரோல் குழாய், ஆயில் சீல். இவற்றில் புதிதுதான் சரி, வாதமே வேண்டாம். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கிழடாகிவிடும். டயரின் பக்கச்சுவரில் தயாரான வாரமும் வருடமும் இருக்கும். 2000க்குப் பிறகு அது நான்கு இலக்கம். மூன்று இலக்கம் இருந்தால் போன நூற்றாண்டு டயர், பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய பிரேக் ஷூக்களிலும் கிளட்ச் தட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்று அடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். நல்ல பட்டறைகள்கூட இதில் அலட்சியமாக இருப்பதைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் குஷ் ரப்பர்களும் இதே கணக்கு. பேரிங்கைப் பொறுத்தவரை 'புல்லட் பேரிங்' என்று கேட்காமல் அதில் அடித்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ., எந்தக் கம்பெனி செய்தாலும் அதே. நல்ல பெயருள்ள பேரிங் கடையில், பில்லோடு வாங்குங்கள்.

பெயின்ட், பேட்ஜ், தங்கக் கோடு?

சரியான நிறம் வண்டியிலேயே ஒளிந்திருக்கிறது. டேங்கை எடுத்தால் அதன் அடிப்பக்கம், டூல் பாக்ஸின் உள்ளே, பேட்ஜுக்குப் பின்னால் பாருங்கள். ஓர் ஓரத்தில் நீர்த்தாளால் வட்டமாகத் தேய்த்தால் ஒவ்வொரு தடவை அடித்த பெயின்ட்டும் வளையம் வளையமாக வெளிவரும். எங்கள் வண்டியில் நாலு வளையம். நடுவில் ஒரு பச்சை இருந்ததை அப்பா மறந்தே போயிருந்தார். அடி வளையத்தைப் பெயின்ட் கடையில் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள்.

தங்கக் கோட்டை ஸ்டிக்கரில் முடிக்காதீர்கள். ராயல் என்பீல்டு டேங்கின் கோடு கையால் இழுத்த கோடு என்பதற்கே பெயர் பெற்றது. ஊரில் போர்டு எழுதிய பழைய ஓவியர் ஒருவரைப் பிடித்தால், நீண்ட மயிர்த் தூரிகையால் மூச்சை அடக்கி இழுத்துக் கொடுப்பார். பேட்ஜில் ஒரு பொதுவான தவறு நடக்கிறது. எல்லா வண்டிக்கும் 'ராயல் என்பீல்டு' என்று மாட்டிவிடுகிறார்கள். எண்பதுகளின் பல வண்டிகளில் 'என்பீல்டு' மட்டும்தான். அப்புறம் இந்த குரோம் மோகம். போல்ட், பிராக்கெட் எல்லாவற்றையும் கண்ணாடிபோல மின்ன வைக்கிறார்கள். கம்பெனியிலிருந்து வந்தபோது அவை மங்கிய வெள்ளி நிறத்திலோ கறுப்பிலோதான் இருந்தன.

கிராங்க்கேஸ் உடைந்துவிட்டது. வேறொன்று வாங்கலாமா?

இங்கே நிதானம் வேண்டும். என்ஜின் எண் அதில்தான் அடித்திருக்கும், ஆர்சி புத்தகத்தில் இருப்பதும் அதே எண். முடிந்தவரை வெல்டிங் செய்து பழையதையே காப்பாற்றுங்கள். வேறு வழியே இல்லையென்றால் பில்லோடு வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் முறைப்படி மாற்றிப் பதிவு செய்யுங்கள். எண்ணை ராவி வேறு எண் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது குற்றம். எண் உள்ள கூட்டைப் பில் இல்லாமல் வாங்கினால் திருட்டு வண்டியின் பாகமாகவும் இருக்கலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிக்கென்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, பிரேமிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாமல் பழைய வடிவிலேயே பராமரிக்கப்பட்ட வண்டிக்கு அது பொருந்தும். புதிதாகப் பதிவு செய்தால் 'விஏ' எழுத்துள்ள எண் வரும், கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கே ஓட்ட முடியும், தினசரி ஆபீஸ் போக முடியாது. தினமும் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் சாதாரண ஆர்சியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவதே நல்லது.

எங்குமே கிடைக்கவில்லை. என்ன வழி?

செய்ய வேண்டியதுதான். புஷ், பின், ஸ்பேசர், லீவர் முனை போன்றவற்றை நல்ல லேத்காரர் மாதிரியைப் பார்த்துக் கடைந்துவிடுவார். உலோகம் எது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், கிடைத்த கம்பியில் கடைய விடாதீர்கள். அலுமினிய மூடி போன்றவற்றுக்கு மணல் வார்ப்பு. கோவையில் சின்ன அளவில் வார்த்துக் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவில் சுருங்கும், எனவே அச்சு அந்த அளவுக்குப் பெரிதாக வேண்டும். இப்போது பழைய பாகத்தை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, முப்பரிமாண அச்சில் எடுத்து அதையே வார்ப்புக்கு வைக்கிறார்கள். தனியாகச் செய்தால் செலவு கட்டாது. அதே பாகம் தேவைப்படும் ஐந்தாறு பேர் சேர்ந்து செய்யுங்கள். செய்த பாகத்தின் உள்பக்கத்தில் வருடத்தைப் பொறித்துவிடுங்கள், நாளைக்கு யாரும் அதை 1976 பாகம் என்று விற்காமலிருக்க.

எவ்வளவு நாள் ஆகும்?

நினைப்பதைப் போல இரண்டு மடங்கு. பாகம் கிடைக்காத மாதங்களில் கிடைத்ததைப் பூட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அப்போது பூட்டும் தவறான பாகம்தான் பிறகு மாறாமல் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

மாற்றிப்போட்ட பழைய பாகங்களை என்ன செய்வது?

மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, ஆயில் தடவி, காகிதத்தில் சுற்றி, எந்த வண்டி, எந்த இடம், ஏன் எடுத்தோம் என்று எழுதி வையுங்கள். உங்களுக்கு உதவாதது இன்னொருவருக்கு மாதிரியாக உதவும். போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான், அவன் தாத்தாவின் வண்டிக்கு டிகம்ப்ரஸர் லீவர் தேடி. என் பெட்டியில் அப்பாவின் உடைந்த லீவர் இருந்தது, பாதிதான். அந்தப் பாதியை வைத்து அளவெடுத்து மீதியைச் செய்துகொண்டான். உடைந்த துண்டை மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டும் போனான்.